சப்தத்தை முந்தாத குண்டு

ஈப்போ ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வரும் பிரயாணிகள், ஏ. பி. ஹப்பாக் என்னும் ஆங்கிலேயர் வரைந்து 1917ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அந்த வெண்மாளிகையின் கும்மட்டங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும், எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு மரத்தினிடம் காட்டுவதில்லை. இந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்ததே அந்த மரத்தின் இனந்தான். மலாய் மொழியில் ஈப்போ என்றால் அந்த மரம். அதன் பட்டையைக் கீறினால் வடிகிற பாலுக்கும், அந்தப் பாலை நெருப்பில் இறுக்கி எடுக்கிற விஷத்துக்கும் அதே பெயர். விஷத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக் காப்பியை நிம்மதியாகக் குடிக்கிறோம் என்ற எண்ணம் நம்மில் எவருக்கும் வருவதில்லை.

பலாவும் ஆலும் அத்தியும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மரவுரி மரம் என்று வழங்குவதும் இதே இனந்தான். அங்கே அதன் பட்டையை அடித்துப் பதப்படுத்திச் சாக்காகவும் துணியாகவும் பயன்படுத்தினார்கள். இங்கே அதன் பாலை அம்பு நுனியில் தடவினார்கள். ஐரோப்பியரோ இரண்டையும் விட்டுவிட்டு ஒரு புராணத்தைக் கட்டினார்கள். 1783ஆம் ஆண்டில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஃபோர்ஷ் என்பவர், ஜாவாத் தீவில் உள்ள இந்த மரத்தைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்குப் புல் பூண்டு முளைப்பதில்லை என்றும், மரண தண்டனை பெற்ற கைதிகளை அனுப்பியே அதன் விஷத்தைச் சேகரிக்கிறார்கள் என்றும் எழுதிவைக்க, எராஸ்மஸ் டார்வின் அதைத் தம் கவிதையில் பரப்ப, மேல்நாட்டார் ஒரு தலைமுறைக்கு மேல் அதை நம்பிக் கொண்டிருந்தார்கள். உண்மையில் அந்த மரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கலாம். கெடுதல் ஒன்றும் வராது. கெடுதல் அந்தப் பால் இரத்தத்தில் கலந்தால்தான்.

அதைக் கலக்கும் வித்தையில் தேர்ந்தவர்கள் பேராக் மலைகளில் வாழும் செமாய், தெமியார் முதலிய பூர்வகுடி மக்கள். அவர்களுடைய ஆயுதம் சும்பித்தான் என்கிற ஊதுகுழல். தமிழ் அகராதியிலும் 'சுங்குத்தான்' என்று இதற்கு ஒரு சொல் உண்டு. இரண்டுக்கும் உள்ள உறவைக் காதே சொல்லிவிடுகிறது. 1924ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் தென்னிந்தியாவின் ஊதுகுழல்களையும் வளரிகளையும் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஊதுகுழலுக்கு வேண்டிய மூங்கில் எல்லாக் காட்டிலும் கிடைக்காது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் நீளுகிற மூங்கில் அது. பேராக்கின் உயரமான சில மலைகளில் வளர்வது. தைப்பிங் நகரில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரான லெனர்டு ரே என்பவரின் பெயரைத் தாவர சாஸ்திரிகள் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கணு இல்லாத அந்த உட்குழலை இன்னொரு மூங்கிலுக்குள் செருகிக் காப்பாற்றுகிறார்கள். பெர்த்தாம் பனையின் மட்டை நரம்பைச் சீவி எடுத்த ஈர்க்குதான் அம்பு. வாலில் நெட்டிபோன்ற ஒரு கட்டை. நுனியில் கருமையாகக் காய்ந்த ஈப்போப் பால். நுனிக்குச் சற்று மேலே வட்டமாக ஒரு கீறல். அடிபட்ட குரங்கு அம்பைப் பிடுங்க முயன்றால் கீறலில் முறிந்து விஷ நுனி உடம்பிலேயே தங்கிவிடும்.

அந்த விஷம் இதயத் தசையைத் தாக்குவது. மருத்துவர்கள் இதய நோய்க்குக் கொடுக்கிற டிஜிட்டாலிஸ் மருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். வயிற்றின் வழியாக அது அதிகம் உடம்பில் ஏறுவதில்லை. ஆகையால் காயத்தைச் சுற்றியுள்ள சதையை மாத்திரம் அரிந்து எறிந்துவிட்டு மற்றதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. மனிதனுடைய மூச்சு எவ்வளவு பலமானதாயினும் ஓர் ஈர்க்குக்கு அது கொடுக்கக்கூடிய வேகம் சொற்பம். சதையைக் கிழித்து எலும்பை முறிக்கிற சக்தி அதற்கு இல்லை. கொல்லும் வேலையை விஷத்திடம் ஒப்படைத்துவிட்டதனால், வேகம் அவர்களுக்குத் தேவையில்லாமல் போயிற்று. வேகம் தேவையில்லாமல் போனதால் சப்தமும் இல்லாமல் போயிற்று.

துப்பாக்கி கண்டவர்கள் இந்தக் கணக்கை மறந்துபோனார்கள்; மறுபடியும் அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பால்மரக் கன்று நட்ட புதுக்காட்டில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டால், கிராணியார் தம் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போவார். ஒரு வெடி கேட்கும், நாய்கள் குரைக்கும், காலையில் சில வீடுகளில் மசாலா அரைக்கும் சத்தமும் கேட்கும். ஆனால் அடுத்த பல நாள்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பன்றியின் குளம்படிகூடத் தென்படாது. "ஒரு வெடிக்கு ஒரு பன்னி, மத்த பன்னிக்கெல்லாம் ஒரு வாரம் லீவு" என்பார் என் தந்தையார். மலாயாவில் 1948இல் மூண்ட அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்குச் சேர்ந்து ரைபிள் பிடித்த என் பெரியப்பாவோ, வெடிச் சத்தத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு சாஸ்திரியாகவே இருந்தார். "துப்பாக்கி ஒரு தடவை கத்தாதுடா, ரெண்டு தடவை கத்தும். மொதல்ல தலைக்கு மேலே சாட்டை சொடுக்கும். அப்புறந்தான் தூரத்திலே 'தும்'முன்னு கேட்கும். ரெண்டுக்கும் நடுவிலே எவ்வளவு நேரமோ அவ்வளவு தூரத்திலே ஆள் இருக்கான்" என்று அவர் சொன்னதன் பொருள், பௌதிக பாடம் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

பெரியப்பா சொன்ன இரண்டில் 'தும்' என்பது குழல்வாயில் பிறப்பது: வெடிமருந்து எரிந்து உண்டான வாயு, பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருந்து, குண்டு வெளியேறிய மறுகணமே காற்றில் பாய்வதால் எழுகிற முழக்கம். சாட்டைச் சொடுக்கோ துப்பாக்கியில் பிறப்பதே அன்று. காற்றில் ஒலி செல்லும் வேகம், 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர். பேராக்கின் 30 டிகிரி வெயிலில் ஏறத்தாழ 349 மீட்டர். பழைய .303 ரைபிளின் குண்டு விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் பறப்பது. அப்படி ஒலியை முந்துகிற எதுவும், படகு நீரைக் கிழிப்பதுபோல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்த அலை நம் காதைக் கடக்கும்போது சொடுக்காகக் கேட்கிறது. மாட்டுவண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கும்போது எழும் ஓசைக்கும் இதுவே காரணம்: சாட்டை நுனி அந்தக் கணத்தில் ஒலியை முந்திவிடுகிறது.

இனி, சைலென்சர். மோட்டார் சைக்கிளில் நாம் தினமும் பார்க்கிற சாதனத்துக்கும் துப்பாக்கிச் சாதனத்துக்கும் பிறப்பிலேயே உறவு உண்டு. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து உலகத்தைச் செவிடாக்கிய ஹிராம் மாக்சிமின் மகன் ஹிராம் பெர்சி மாக்சிம், தந்தை செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்பவரைப்போல, 1909ஆம் ஆண்டில் துப்பாக்கிச் சப்தத்தை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார். எஞ்சின் சப்தத்தை அடக்கும் கருவிகளையும் அவரே செய்தார். குழலின் முனையில் தடுப்புகளும் அறைகளும் கொண்ட ஓர் உருளையைப் பொருத்தினால், வாயு ஒரேயடியாகப் பாயாமல் அறை அறையாகத் தங்கி, சூடு தணிந்து, அழுத்தம் குறைந்து வெளியேறுகிறது. சுமார் 160 டெசிபல் சப்தம் 130 அளவுக்கு இறங்குகிறது. சினிமாவில் வருகிற 'ப்ஸ்க்' என்ற இரகசிய ஓசை வெறும் கற்பனை. 130 டெசிபல் என்பது இன்னும் நல்ல சப்தந்தான். ஆனால் 140க்கு மேற்பட்ட ஒரே ஒரு வெடி காதைக் கெடுத்துவிடக்கூடும் என்பதனால், இந்த இறக்கம் சாமானியமானதன்று. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் இதைக் கள்ளத்தனமான சாதனமாகக் கருதாமல், காதுக்கும் அயலாருக்கும் காட்டும் மரியாதையாகவே கருதுகிறார்கள்.

எவ்வளவு சிறந்த சைலென்சராயினும் அந்தச் சாட்டைச் சொடுக்கை ஒன்றும் செய்ய முடியாது. குண்டு குழலைவிட்டுப் போன பிறகு, அது போகிற வழி நெடுகச் சொடுக்கு பிறக்கிறது. அதை ஒழிக்க ஒரே உபாயம் குண்டை ஒலியைவிட மெதுவாக அனுப்புவதே. ஆகவேதான் விநாடிக்குச் சுமார் 320 மீட்டருக்கு மேற்படாத தோட்டாக்களைப் பிரத்தியேகமாகச் செய்கிறார்கள். இந்த 320 என்ற எல்லையில் சீதோஷ்ணத்துக்கும் பங்கு உண்டு. பின்லாந்தின் பனிக்காலத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில், ஒலியின் வேகமே 319க்கு இறங்கிவிடுவதால், பேராக்கில் சாதுவாகப் பறக்கும் குண்டு அங்கே சொடுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வெயில் இந்த ஒரு விஷயத்திலாவது நமக்கு அனுகூலம் செய்கிறது.

வேகத்தைப் பாதியாக்கினால் தாக்கும் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. மான் வேட்டைக்குப் பெயர்போன .308 ரைபிள், 9.7 கிராம் குண்டை 860 மீட்டர் வேகத்தில் அனுப்பும்போது அதன் சக்தி ஏறக்குறைய 3,600 ஜூல். அதே ரைபிளில் 13 கிராம் குண்டை 320 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் கிடைப்பது 665 ஜூல்தான். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்துக்கு வரம்பு கட்டிவிட்ட பின்னர் கூட்டுவதற்கு எஞ்சியிருப்பது எடை ஒன்றே. அதனால் மெதுவாகச் செல்லும் குண்டுகளை நீளமாகவும் கனமாகவும் வார்க்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற .300 பிளாக்கவுட் என்ற தோட்டா இந்த நோக்கத்தை வைத்தே பிறந்தது. அதில் 14 கிராமுக்கு மேற்பட்ட குண்டுகூட உண்டு. முயலுக்கும் அணிலுக்கும் போதுமான .22 தோட்டாவிலோ குண்டு 2.6 கிராம், சக்தி சுமார் 130 ஜூல். அதைக்கொண்டு காட்டுப்பன்றியைச் சுடுகிறவன் வேட்டைக்காரன் அல்லன்; அந்தப் பன்றி நொண்டிக்கொண்டே எங்கேயோ புதரில் கிடந்து மூன்று நாள் சாகும்.

நீளமான குண்டுக்கு ஒரு தொல்லை உண்டு. பம்பரம் வேகமாகச் சுழன்றால்தான் நேராக நிற்கும். நெட்டையான பம்பரமாயின் இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். குழலின் உட்சுவரில் திருகாக வெட்டியிருக்கும் வரிகள்தாம் குண்டைச் சுழற்றுவன. சாதாரண .308 குழல்களில் அந்தத் திருகு 10 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிளாக்கவுட் குழல்களில் 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்தப் பொருத்தம் பாராமல் தோட்டாவை மாத்திரம் பார்த்து வாங்கினால், தள்ளாடுகிற குண்டு சைலென்சருக்குள்ளேயே தடுப்பில் இடித்து, கருவி பிளந்துபோகவும் கூடும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்காதவன்கூட இதற்குப் பார்த்தே ஆகவேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், குண்டு உடம்புக்குள் போன பிறகு நடப்பது. வழக்கமான வேட்டைக் குண்டுகளின் மூக்கு, வேகமாக மோதும்போது காளானைப்போல் விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்குமாறு செய்யப்பட்டது. அப்படி விரிய அவற்றுக்கு ஏறத்தாழ 550 மீட்டர் வேகமாவது வேண்டும். 300 மீட்டர் வேகத்தில் அதே குண்டு விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடும், மிருகம் ஓடிவிடும், சாவு தாமதப்படும். ஆகையால் மெதுவேகத்துக்கென்றே, மூக்கில் ஆழமான குழி வைத்து, செம்பில் முன்கூட்டியே கீறல் இட்டு, மலர் இதழ்போல் பிரியும் குண்டுகளைச் செய்கிறார்கள். தோட்டாப் பெட்டியின்மேல் 'சப்சானிக்', அதாவது ஒலியைவிட மெதுவானது, என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது; பல பெட்டிகளில் உள்ளவை அட்டையில் சுட்டுப் பழகுவதற்கானவை, மிருகத்துக்கானவை அல்ல. அம்பின் நுனியில் ஈப்போப் பால் செய்த வேலையை இங்கே அந்தச் செம்பு இதழ்கள் செய்யவேண்டியிருக்கிறது.

மெதுவாகப் போகிற குண்டு சீக்கிரம் விழவும் செய்கிறது. 50 மீட்டரில் குறி தப்பாதபடி பார்வையைச் சரிசெய்து வைத்தால், 100 மீட்டரில் அதே குண்டு ஒரு சாண் கீழே போய்விடும். தூரத்தை இருபது மீட்டர் தவறாகக் கணித்தாலும் இதயத்துக்கு வைத்த குறி காலில் படும். ஆகவே மெதுகுண்டு வேட்டை என்பது 50 மீட்டருக்குள், முடிந்தால் 30 மீட்டருக்குள், மிருகத்தின் கண்ணும் மூக்கும் அறியாமல் நெருங்கத் தெரிந்தவனுக்கே உரியது. என் அபிப்பிராயத்தில் பெரிய மிருகங்களுக்குச் சைலென்சரோடு முழுவேகக் குண்டையே உபயோகிப்பது ஜீவகாருண்யத்துக்கு நெருக்கமானது. சொடுக்கு கேட்டாலும் பாதகமில்லை, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மிருகத்துக்கு எளிதில் தெரிவதில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் தெளிவாகப் போட்டுப் பார்த்தவர் வில்லியம் காட்ஃப்ரே டி லைல் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர். அவரும் வேட்டையிலிருந்துதான் தொடங்கினார். .22 குழலில் சைலென்சர் பொருத்திச் சிறு பிராணிகளைச் சுட்டுவந்தவர், யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் அந்தத் துப்பாக்கியைச் சர் மால்கம் காம்பெல் என்ற அதிகாரியிடம் காட்டினார். மோட்டார் காரில் மணிக்கு 300 மைல் வேகத்தை முதன்முதலில் தாண்டி உலகப் புகழ் பெற்ற அதே காம்பெல், மெதுவான குண்டுக்குப் புரவலரானது விதியின் விளையாட்டுதான். லண்டனில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் கூரையிலிருந்து தேம்ஸ் நதிக்குள் சுட்டுப் பார்த்தார்கள். கீழே தெருவில் போனவர்கள் எவரும் தலை நிமிரவில்லை. 9 மில்லிமீட்டர் குண்டு திருப்தி தரவில்லை. கடைசியில் பிஸ்டலுக்குரிய .45 குண்டைத் தேர்ந்தார்கள்: 15 கிராம் கனம், சுமார் 250 மீட்டர் வேகம், இயல்பாகவே ஒலிக்குப் பின்தங்கியது. உடலோ .303 ரைபிளுடையது. அதன் பூட்டைக் கையால் இழுத்து மூடும் ஓசையே வெடியைவிடப் பெரிதாக இருந்தது என்று சொல்வார்கள். ஏறக்குறைய 130 துப்பாக்கிகளே செய்யப்பட்டன. அவற்றில் சில, மலாயாவின் அவசரகாலத்திலும் உபயோகமாயின. அந்த அவசரகாலம் மூண்டதோ, 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்ட சப்தத்தில்.

அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே, உள்காட்டில், சப்தமே இல்லாமல் ஒரு சாவு நிகழ்ந்திருந்தது. பேராக் அருங்காட்சியகத்தில் மானிடவியல் அறிஞராக இருந்து, தெமியார் மக்களோடு மக்களாக வாழ்ந்த பாட் நூன், 1943இல் காட்டில் காணாமல் போனார். ஊதுகுழல் அம்புக்கு அவர் இரையானார் என்பதைத் தம்பி ரிச்சர்டு நூன் பின்னாளில் விசாரித்து அறிந்தார். அண்ணனைக் கொன்றவர்களின் இனத்தாரிடம் பகைமை பாராட்டாமல், பூர்வகுடியினரையே கொண்டு 1956இல் சிநோய் பிராக் என்ற படை அமைவதற்குக் காரணமாயிருந்தவரும் அந்தத் தம்பியே.

இன்று மலேசியாவில் சாமானியன் ஒருவன் சைலென்சரை விரும்பி வாங்க முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், சப்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. 1971ஆம் ஆண்டின் மற்றொரு சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. தோட்டங்களில் துப்பாக்கியால் எவ்வளவு துக்கம் விளைந்தது என்பதை நினைத்தால் இந்தக் கடுமையில் ஆச்சரியமில்லை. காட்டுப்பன்றியைச் சுடவும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். ஆனால் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தங்கள் சாப்பாட்டுக்காகப் பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி முதலிய பத்து இனங்களை வேட்டையாடலாம் என்று விலக்கு அளித்திருக்கிறது. பன்றிகளும் முன்போல இல்லை. 2021இன் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்தில் பரவியபின், நான் விளையாடிய வெட்டுக்காடு இருந்த இடத்தில் நிற்கிற செம்பனைத் தோட்டத்தில், மண்ணைக் கிளறிய தடயத்தையே தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பழைய சாலையில், செமாய்க்காரர்கள் கடை போட்டு பெத்தாய்க் கொத்துகளோடு ஊதுகுழல்களையும் விற்பார்கள். ஒரு சமயம் அங்கே வண்டியை நிறுத்தினேன். என் வயதுக்காரர் ஒருவர், விஷமில்லாத அம்பு ஒன்றைக் குழலில் இட்டு, பின்னால் கொஞ்சம் பஞ்சை அடைத்து, சாலைக்கு அப்பால் வைத்திருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்து ஊதினார். அவர் ஊதிய ஓசை எனக்குக் கேட்கவில்லை. அட்டையில் 'டக்' என்று தைத்ததுதான் கேட்டது. குரங்கு அடிக்க எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்று மலாயில் கேட்டேன். அவர் சிறிது யோசித்து, சாலையைக் கடந்து நடந்துபோய், அட்டைப் பெட்டிக்கு முன்னால் ஏழெட்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு, மேலே மரக்கிளையைக் காட்டினார்.